அடிக்கோடும் ரெண்டு புள்ளியும்

தங்கச்சி, பேனா வச்சுருக்கியா? மடியில ஃபைலு வச்சுருக்கியே, பேனா இல்லாமயா இருக்கும். குடு. இறங்குறதுக்குள்ள குடுத்துருவேன். நீ எங்க, வத்தலக்குண்டா? நானும் அங்கதான். அப்ப சரி, ஒரு மணி நேரம் கிடக்கு.

கடுதாசி இல்லம்மா. கையெழுத்துப் போட்டுப் பழகுறேன். என் கையெழுத்தத்தான். சிரி, சிரி. முப்பத்தொம்பது வயசுப் பொம்பள பஸ்சுல ஒக்காந்து தன் பேரத் தானே எழுதிப் பழகுனா யாருக்கும் சிரிப்புத்தான் வரும். எனக்குக் காலையில இருந்து கோவம் மட்டும்தான் வருது. பள்ளிக்கூடத்துக் கிளார்க்கு மேல வருது, எங்க நாத்தனா மேல வருது, பெத்த மக மேல வருது. இந்த டிரைவர் மேலயும் வருது. எப்படி உருட்டுறான் பாரு, மாட்டு வண்டி கூட முந்திப் போயிரும். நாலு மணிக்கு ஆபீசப் பூட்டிருவாங்க. அதுக்குள்ள நான் போய் நிக்கணும்.

என்ன விசயம்னுதான கேக்குற? நீ கேக்கலேன்னாலும் சொல்லித்தான் இருப்பேன். வாய மூடிக்கிட்டு இருந்தா நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்கு.

எனக்கு ஒரே மக. ரோஷினின்னு பேரு. இப்பத்தான் பத்தாவது முடிச்சிருக்கா, நானூத்திப் பதினெட்டு மார்க்கு. பதினோரு மாசமா வத்தலக்குண்டுல எங்க நாத்தனா தனபாக்கியம் வீட்டுல இருந்து படிக்கிறா. நான் திண்டுக்கல்லுல ஒரு மாவுக் கடையில வேலை பாக்குறேன், கடைக்குப் பின்னாலயே ஒரு ரூமு. இப்ப அவளப் பதினொன்னாவது சேக்கணும். தனபாக்கியம் கோயமுத்தூர்ல ஏதோ ஆஸ்டல் பாத்து வச்சுருக்கா. அங்க போட்டுட்டா புள்ள வருசத்துக்கு ரெண்டு தடவ வரும், அதுவும் அவ வீட்டுக்குத்தான் வரும். நான் திண்டுக்கல்லுலயே, ரூமுல இருந்து நடந்து போற தூரத்துல ஒரு பள்ளிக்கூடத்துல பேசி வச்சுருக்கேன். டிசியக் கொண்டாங்க, சேத்துக்குறோம்னு சொல்லிட்டாங்க.

முந்தா நாளு ரோஷினி போன் போட்டா. இந்தப் பதினோரு மாசத்துல அவளா எனக்குப் போட்ட போன் அதோட மூணு. "டிசிய நீ வந்து வாங்கு. நீ வாங்குனா நான் உன்கூட வர்றேன். வியாழக்கிழமைக்குள்ள நீ வரலேன்னா வெள்ளிக்கிழமை அத்தை வாங்கிரும், நான் கோயமுத்தூர் போயிருவேன்"னா. வர்றேன்டின்னேன். அப்புறம், நல்லபடியா வருவல்லன்னு கேட்டா.

நல்லபடியான்னா என்னன்னு உனக்குப் புரியாது. எனக்குப் புரியும். நான் குடிச்சவ தங்கச்சி. மருந்தக் குடிச்சவ இல்ல, சாராயக் கடைக்கு ஆள் அனுப்பி வாங்கிக் குடிச்சவ. அங்கிட்டுத் தள்ளி ஒக்காரணும்னா ஒக்காந்துக்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். பழகிப்போச்சு. ஆனா இப்ப இல்ல. பதினோரு மாசமாச்சு தொட்டு. பொங்கலப்ப ஒரு நாளு, அதத் தள்ளிட்டா பதினோரு மாசம்.

எப்படி ஆச்சுன்னா, அப்ப நானும் வத்தலக்குண்டுலதான், ஒரு சமையல் கோஷ்டியில இருந்தேன். கல்யாண மண்டபம் கல்யாண மண்டபமாப் போவோம். காய் வெட்டுறது, தேங்கா துருவுறது, அண்டா கழுவுறது எல்லாம் நாங்கதான். மூணு நாள் முகூர்த்தம்னா மூணு நாளும் நின்ன கால் நின்னபடி. இடுப்பு கழண்டு போகும். மாஸ்டரு ஒரு டம்ளர்ல கொஞ்சம் ஊத்தி, மருந்தா நினைச்சுக் குடி, வலி கேக்கும்னாரு. கேட்டுச்சு. கேக்காமப் போயிருந்தா நான் இன்னைக்கு இப்படி ஒக்காந்துருக்க மாட்டேன்.

எங்க வீட்டுக்காரரு கேரளாவுல ரப்பர் தோட்டத்துல இருக்காரு. ஆறு மாசத்துக்கு ஒருக்க வருவாரு. வந்த அன்னைக்கே குடிச்சிட்டு வீதியில பொரளுவாரு. தெருவுல ஒருத்தி ஒண்ணு சொல்லணுமே. பாவம், ஒழைக்கிற மனுசன்னு சொல்லுவாளுக, வாசல் தெளிக்கிற தண்ணிய அவரு மேல படாமத் தெளிப்பாளுக. நான் குடிச்சா மட்டும் அதே தெரு கதவச் சாத்தும். எனக்கு மட்டும் என்ன கொம்பா மொளச்சுருந்துச்சு?

போன வருசம் ஆடி மாசம் வாந்தியில ரத்தமா வந்துருச்சு. தனபாக்கியம் என்ன செஞ்சா தெரியுமா? ஆட்டோவப் பிடிச்சு என்னைய அள்ளிப் போட்டுத் திண்டுக்கல் வரைக்கும் கொண்டு வந்து ஆஸ்பத்திரியில தள்ளிட்டு, அன்னைக்குச் சாயங்காலமே என் புள்ளையத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. எம்புட்டுத் தந்திரம் பாரு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை தூக்குச்சட்டியில கஞ்சி கொண்டு வருவா. வேவு பாக்கத்தான். இருக்காளா, ஓடிட்டாளான்னு பாத்துட்டுப் போக. இந்தச் சேலை கூட அவ தீபாவளிக்கு எடுத்துக் குடுத்தது. எனக்கு வேணாம்னேன், கட்டில்ல வச்சுட்டுப் போயிட்டா. வேற நல்ல சேலை இல்ல, அதான் கட்டிக்கிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில ஒரு மாசம் இருந்தேன். அங்க வர்ற ஒவ்வொருத்தரும் எங்கிட்ட ஒரே கேள்விதான், ஒங்க வீட்டுக்காரரு எந்த பெட்டும்மான்னு. நான்தான் பெட்டுன்னு சொல்லணும். வெளிய வந்தப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கூட்டம் வைப்பாங்க. நாற்காலிய ரெண்டு பக்கமாப் போட்டுருப்பாங்க. குடிச்சவுக ஒரு பக்கம், குடும்பத்தாரு ஒரு பக்கம். ஒரு தடவ புதுசா வந்த ஆளு ஒருத்தரு, எந்திரிம்மா, லேடீஸ் அந்தப் பக்கம்னாரு. நான் இந்தப் பக்கம்தாய்யான்னேன். மனுசன் நாற்காலிய ஒரு அடி தள்ளிப் போட்டுக்கிட்டாரு. அவரும் குடிச்சிட்டுத்தான வந்துருக்காரு, என்னையப் பாத்து எதுக்குத் தள்ளணும்?

நூறு நாளு தாண்டுன ஆம்பளைகளுக்குப் பொஞ்சாதி வந்து மாலை போடுவா. அழுவா. எல்லாரும் கை தட்டுவாங்க. எனக்கு நூறு நாளு வந்தப்ப மாலை வாங்கி வச்சுருந்தாங்க, போடத்தான் ஆளு இல்ல. நர்சம்மா போட வந்தாங்க. வேணாம்மா, கையில குடுங்கன்னு வாங்கிட்டு வந்துட்டேன். அதக் கிரைண்டர் மேல போட்டேன். அதுவாவது வலிக்குதுன்னு சொல்லாம ஒழைக்குது.

இந்தா, விட்ட இடத்துக்கு வர்றேன். இன்னைக்குக் காலையில பத்து மணிக்கெல்லாம் பள்ளிக்கூடத்துல நிக்கிறேன். தலைக்குக் குளிச்சு, பூ வச்சு, ஆதார் கார்டு எடுத்துக்கிட்டு. ரோஷினி வாசல்ல நின்னா. கிட்ட வந்து தோள்ல சாஞ்சா. பாசம்னு நினைச்சேன். அப்புறந்தான் தெரிஞ்சுச்சு, மோந்து பாத்துருக்கா. மோந்துட்டு அவ மூஞ்சி தெளிஞ்சுச்சு, அது போதும்னு உள்ள போனேன்.

கிளார்க்கு ஆதார வாங்கிப் பாத்தான். அதுல இருக்குற மூஞ்சி நான் குடிச்ச காலத்து மூஞ்சி, பணியாரம் மாதிரி உப்பி இருக்கும். கார்டப் பாக்குறான், என்னையப் பாக்குறான், மறுபடியும் கார்டப் பாக்குறான். சரி, நீங்கதான்னு ஒத்துக்கிட்டான். அப்ளிகேசன்ல கையெழுத்துப் போடுங்கன்னான். போட்டேன். வே. பஞ்சவர்ணம். அதான் என் பேரு. எட்டாவது வரைக்கும் படிச்சவ, எழுத்து கோழி கிண்டுன மாதிரிதான் இருக்கும், ஆனா என் எழுத்து.

அவன் உள்ள போய் ஒரு கட்டத் தூக்கிட்டு வந்து பெரட்டுறான். பெரட்டிட்டு, இது ஒங்க கையெழுத்து இல்லையேன்னான்.

என் கண்ணு முன்னால நான் போட்டத என் கையெழுத்து இல்லங்குறான் தங்கச்சி. எப்படி இருக்கும் எனக்கு? போன வருசம் நான் ஒரு கடுதாசி எழுதிக் குடுத்துருக்கேனாம். நான் வெளியூர்ல வேலை பாக்குறதால என் மக பொறுப்பு பூராவும் என் நாத்தனா தனபாக்கியத்தச் சேந்ததுன்னு. அதுல ஒரு கையெழுத்து. ஆறாவதுல இருந்து ஒம்பதாவது வரைக்கும் நாலு வருசத்து மார்க்குக் கார்டுலயும் அதே கையெழுத்து. அந்தக் கடுதாசிய ரத்துப் பண்ணணும்னா அதே கையெழுத்துல எழுதிக் குடுக்கணுமாம். இல்லேன்னா நாளைக்குத் தனபாக்கியம் வந்து கேட்டா அவகிட்டதான் டிசியக் குடுக்கணுமாம். ஆதார்தான் பாத்தியேய்யான்னேன். ஆதார்ல மூஞ்சிதானம்மா இருக்கு, கையெழுத்து எங்க இருக்குங்குறான்.

அந்தக் கடுதாசியில போட்டுருந்த தேதியப் பாத்தேன். அன்னைக்கு நான் ஆஸ்பத்திரியில கையில ஊசியோட படுத்துக் கிடக்குறேன். கட்டில்ல கையக் கட்டி வச்சுருந்தாங்க, அப்படி ஒதறுச்சு. நான் எங்க போய்க் கையெழுத்துப் போட? எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். எங்க நாத்தனா கள்ளக் கையெழுத்துப் போட்டு என் புள்ளையத் திருடிட்டான்னு அந்த ஆபீசுல நின்னு கத்துனேன். வெளிய வெளையாண்டுக்கிட்டு இருந்த புள்ளைகெல்லாம் சன்னல்ல வந்து எட்டிப் பாத்துச்சுக. ரோஷினி கதவோரமா நின்னு, அம்மா, அம்மான்னு மெதுவாக் கூப்புட்டுக்கிட்டே இருந்தா. நான் நிப்பாட்டல. எதுக்கு நிப்பாட்டணும்?

அப்ப ஜெசிந்தான்னு ஒரு டீச்சரு வந்தாங்க, ரோஷினியோட கிளாஸ் டீச்சரு. கையப் பிடிச்சு அவங்க ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் தண்ணி குடுத்தாங்க. நீங்கதான் ரோஷினி அம்மாவான்னு என்னைய அப்படிப் பாக்குறாங்க. ஒங்கள நேர்ல பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசைன்னாங்க. ஒவ்வொரு மார்க்குக் கார்டுலயும் நாலு வரி எழுதுவீங்களே, எந்த அம்மாவும் அப்படி எழுத மாட்டாங்கன்னாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல.

காட்டுனாங்க. மார்க்குக் கார்டுல பெற்றோர் கருத்துன்னு ஒரு கட்டம் இருக்குமே, மத்தவுக எல்லாம் அதக் காலியா விடுவாங்களாம். எம் பேருல யாரோ எழுதி எழுதி வச்சுருக்கா. "கணக்கில் இன்னும் கவனம் வேண்டும், வீட்டில் நான் சொல்லிக் கொடுக்கிறேன்." நானா? எனக்கு ஒம்பதாம் வாய்ப்பாட்டுக்கு மேல வராது. லீவு லெட்டரு ஒண்ணு, மகளுக்குக் காய்ச்சல்னு. அந்தத் தேதி எனக்கு ஞாபகம் இருக்கு, தீபாவளிக்கு மறுநாளு. அன்னைக்குக் காய்ச்சல் அவளுக்கு இல்ல. நான்தான் சாயங்காலம் வரைக்கும் அடுப்படியில விழுந்து கிடந்தேன். இன்னொரு கார்டுல, "அவள் வகுப்பில் தூங்கினால் திட்ட வேண்டாம், வீட்டில் வேலை அதிகம். என் மகள் நல்ல பிள்ளை." கீழ கையெழுத்து. வே. பஞ்சவர்ணம். எழுத்தெல்லாம் அச்சடிச்ச மாதிரி. அடியில ஒரு கோடு, கோட்டுக்குக் கீழ ரெண்டு புள்ளி. கலெக்டர் போடுற மாதிரி.

அந்தப் பொம்பளையப் பாத்தா அங்கயே மயிரப் பிடிச்சு இழுத்துருப்பேன். யாரு அவ? என் பேர வச்சுக்கிட்டு, என் புள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டு, டீச்சர்கிட்ட நல்ல பேரு வாங்கிக்கிட்டு? தனபாக்கியம்தான்னு நான் அடிச்சுச் சொன்னேன். அவதான் பத்தாவது பாஸானவ. அவளுக்குத்தான் இந்தப் பவுசெல்லாம் வரும்.

ரோஷினி என் கையப் பிடிச்சு வெளிய இழுத்துட்டுப் போயிட்டா. தண்ணிக் குழாய்கிட்ட யாரும் இல்ல. அங்க நிறுத்தி வச்சு, "அத்தை இல்லம்மா. நான்தான் போட்டேன். ஆறாவதுல இருந்து நான்தான் போடுறேன்"னு சொன்னா.

நான் கையத் தூக்குனேன்.

அடிக்கல. சத்தியமா அடிக்கல, இந்தா இந்தப் பஸ்சுல ஒக்காந்து பொய் சொல்ல மாட்டேன். கை மேல போச்சு, அம்புட்டுதான். அவ ஓடல, கத்தல. தலைய லேசா இடப்பக்கம் சாச்சு, கண்ண மூடிக்கிட்டா. காது மேல படாம இருக்கத்தான் அப்படிச் சாய்க்குறா. அது எப்படிச் சாய்க்கணும்னு அவளுக்குத் தெரிஞ்சுருக்கு. சரி விடு, அத எதுக்கு இப்ப.

கைய இறக்கிட்டேன். ஏன்டி இப்படிச் செஞ்சேன்னேன். வேற என்னம்மா செய்யிறதுன்னா. ஒருநாளு நான் போட்டுக் குடுத்தேனாம், ஆறாவது படிக்கும்போது. என் கை ஆடுன ஆட்டத்துல கார்டு கிழிஞ்சுபோச்சாம். எனக்கு ஞாபகமே இல்ல. புதுக் கார்டு வாங்கி அவளே போட்டுருக்கா. அப்புறம் அப்படியே பழகிருச்சாம். அந்தக் கடுதாசியும் அவ எழுதுனதுதான். அத்தை வீட்டுல இருக்குறதுக்குப் பள்ளிக்கூடத்துல ஒரு தாளு கேட்டாங்க, நீ ஆஸ்பத்திரியில இருந்த, யாருகிட்ட போய்க் கேக்கன்னா.

எனக்குக் கோவம் எங்கிட்டுப் போகுதுன்னே தெரியல. பதினோரு மாசமா நான் எதுக்கு இப்படி வெந்து சாகுறேன்? மாவுக் கடைக்கு எதுத்தாப்புலயே சாராயக் கடை இருக்கு தங்கச்சி, தெனமும் பன்னெண்டு மணிக்குத் தொறப்பாய்ங்க. தொறக்குற சத்தம் கேக்கும். அப்ப ரெண்டு கையையும் ஊற வச்ச அரிசிக்குள்ள விட்டு நிப்பேன். எதுக்கு? இவ என்னைய அம்மான்னு நாலு பேரு முன்னால கூப்புடணும்னுதான. வந்து பாத்தா நான் இல்லாமயே இவ ஒரு அம்மாவச் செஞ்சு வச்சுருக்கா. என்னைய விட நல்ல அம்மா. அவ எடத்துல நான் போய் நின்னா, நீ இல்ல, போங்குறாய்ங்க.

அவ நோட்டுல ஒரு தாளக் கிழிச்சு அந்தக் கையெழுத்த மூணு தடவ போட்டுக் குடுத்தா. இந்தா, இதான் அது. இதப் பாத்துப் பழகிட்டு வந்து போட்டுரும்மா, பதட்டத்துல மாறிப்போச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்னா. கிளார்க்கும் அதத்தான் சொல்லிருந்தான். நிதானமாப் போட்டுப் பாருங்க, ஒத்து வந்தா சரி, இல்லேன்னா ஒங்க கையெழுத்து இருக்குற ஏதாச்சும் ஒரு சர்க்கார் தாளக் கொண்டாங்கன்னான். நிதானமா. அந்த வார்த்தைய யாரு எங்கிட்டச் சொன்னாலும் எனக்குச் சுருக்குன்னு தைக்கும்.

ஏன் பழகணும், எங்கிட்ட சர்க்கார் தாளு இருக்குடின்னேன். ரேசன் கடையில விரல வைக்கிறோம், பேங்குல விரல வைக்கிறோம், யாரு கையெழுத்துக் கேக்குறா இப்ப? ஆஸ்பத்திரி நோட்டுல மட்டுந்தான் வாரா வாரம் என் கையால நான் போடுறேன். சீலு குத்தி, டாக்டர் கையெழுத்தோட இருக்கு. அதக் கொண்டாந்து அந்தக் கிளார்க்கு மேசையில போடுறேன் பாருன்னேன்.

புள்ள மூஞ்சி செத்துப்போச்சு. என் கையப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு சொன்னா. "இத்தன வருசமா ஜெசிந்தா டீச்சர்கிட்ட எனக்கு ஒரு நல்ல அம்மா இருந்துச்சு. இன்னைக்குக் கடைசி நாளும்மா. அதக் கெடுத்துராத."

அப்ப நான் யாருடின்னேன். அவ குழாயத் தொறந்து மூஞ்சியக் கழுவிக்கிட்டா.

நான் திரும்பிப் பாக்காம வந்து பஸ் ஏறிட்டேன். ரூமுக்குப் போனேன். ஒரு வாய் சோறு திங்கல. நோட்ட எடுத்துக்கிட்டு அடுத்த பஸ்சுலயே ஏறிட்டேன். இந்தா, இதான். அட்டையில என்ன போட்டுருக்குன்னு படிச்சுட்டல்ல? போதை மறுவாழ்வுப் பிரிவு. எம்புட்டுப் பெருசாப் போட்டுருக்காய்ங்க, பஸ்சுக்கு வெளிய நிக்கிறவனுக்குக் கூடத் தெரியும். அதான் கவுத்தி வச்சுருந்தேன்.

பெரட்டிப் பாரு, பரவால்ல. மொதப் பக்கத்துல இருக்கு பாரு, மண்புழு நெளிஞ்ச மாதிரி. அது சேந்த அன்னைக்குப் போட்டது, நர்சம்மா அட்டையப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். மெல்ல மெல்ல நேரா வருது பாத்தியா? இந்தப் பக்கம் வந்தா பேரு படிக்கிற மாதிரி இருக்கு. நாப்பத்தி ரெண்டு இருக்கும். பொங்கல் வாரம் காலியா இருக்கும், அதப் பாக்காத. போன வாரம் போட்டது இது. இதவிட நல்லா எனக்கு வராது. இத ஒருத்தருகிட்டக் காட்டணும்னு எனக்கு எத்தன நாள் ஆசை தெரியுமா? எம் மககிட்ட ஒருநாளு காட்டுனேன். பாத்துட்டு, சரிம்மான்னு மூடி வச்சுட்டா.

காட்டத்தான் போறேன். ஏன் காட்டக் கூடாது? நான் என்ன திருட்டுக் கையெழுத்தா போட்டுருக்கேன்? அந்த டீச்சரும் தெரிஞ்சுக்கட்டும், வீட்டுல கணக்குச் சொல்லிக் குடுத்த பஞ்சவர்ணம் பொய்யி, அரிசிக்குள்ள கைய விட்டு நிக்கிறவதான் நெசம்னு. எனக்கும் ஒரு நாளு யாராவது கை தட்டட்டும்.

ஏன் அப்படிப் பாக்குற? அப்ப இந்தத் தாள எதுக்கு எழுதி எழுதிப் பாக்குறேங்கிற, அதான? தெரியல. கை சும்மா இருக்க மாட்டேங்குது. திண்டுக்கல்லுல ஏறுனதுல இருந்து போட்டுக்கிட்டேதான் இருக்கேன், இந்தக் கோடு மட்டும் சரியா வர மாட்டேங்குது. கை ஆடல, பாத்துக்க. வண்டிதான் ஆடுது.

எங்க, செம்பட்டியா? நின்னுட்டானா? டிரைவர் டீக்கு எறங்குறான் பாரு, எனக்கு இங்க உசுரு போகுது. மணி என்ன? மூணா? சரி, இன்னும் நேரம் இருக்கு.

இரு. வண்டி நிக்குதுல்ல, இப்பப் போட்டுப் பாக்குறேன். அந்த ஃபைலக் குடு, அடியில வச்சுக்குறேன். வே. புள்ளி. பஞ்சவர்ணம். கோடு. ரெண்டு புள்ளி.

பாரு. நீயே பாரு, எது அவ போட்டது, எது நான் போட்டது? கண்டுபிடிக்க முடியலல்ல? இன்னொன்னு போடுறேன். இந்தா. அச்சு அசலா வருது. கை கல்லு மாதிரி நிக்குது. போன வருசம் இதே நாளுல ஒரு தீக்குச்சியக் கிழிக்க முடியாது எனக்கு, அவதான் அடுப்பப் பத்த வைப்பா. பத்த வச்சுட்டு ஒக்காந்து, எம் பேர இப்படி அழகா எழுதிருக்கா. கோவிச்சுக்கிட்டு எழுதிருக்கலாமே. கிறுக்கி வச்சுருக்கலாமே. அடியில கோடெல்லாம் போட்டு, புள்ளி வச்சு, எங்கம்மா பெரிய ஆளுன்னு எழுதுன மாதிரி.

தூசி தங்கச்சி. கண்ணுல தூசி. சன்னல ஏத்திவிடு.

கார்டுல இருக்குற அந்தப் பொய் அம்மாவ நான் என்ன செய்ய? அவள மயிரப் பிடிச்சு வெளிய இழுத்தா கூடவே என் புள்ளையும்ல வந்துருவா. கள்ளக் கையெழுத்துப் போட்டவன்னு ஆயிரும். நாளைக்குக் கோயமுத்தூரோ திண்டுக்கல்லோ, அந்த டீச்சரு இவள எங்க பாத்தாலும் மொதல்ல குடிச்சுக் கிடந்த என்னையத்தான் நினைப்பாங்க. நாலு வருசம் அவ எனக்காக என் கையெழுத்தப் போட்டா. இன்னைக்கு ஒருநாளு அவ கையெழுத்த நான் போடுறேன். எனக்கு யாரும் கை தட்ட வேணாம், போ.

இந்த நோட்டப் பைக்கு அடியில வச்சுக்குறேன், டிபன் பாக்சுக்குக் கீழ. நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியில கேப்பாங்க. அதுல என் கோழிக் கிறுக்கலத்தான் போடுவேன், அது யாருக்கும் விட்டுக் குடுக்க முடியாது. ரோஷினியையும் கூட்டிட்டுப் போறேன். வந்து அந்தக் குடும்பத்தாரு பக்கம் ஒக்காரட்டும். அந்தப் பக்கம் எனக்குன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் ஒக்காந்ததில்ல. வர மாட்டேன்னா விட்டுருவேன், கட்டாயப்படுத்த மாட்டேன். தனபாக்கியத்தக் கூப்புடவா? கூப்புட மாட்டேன். அவ வந்தாலும் வருவா, சொல்ல முடியாது, தூக்குச்சட்டியத் தூக்கிக்கிட்டு.

எடுத்துட்டான்யா வண்டிய. வெரசாப் போப்பா, புள்ள பள்ளிக்கூட வாசல்ல நிக்கும்.

பேனாவா? இறங்குறப்பக் குடுக்குறேன்னுதான் சொன்னேன். குடுக்க மாட்டேன், கோவிச்சுக்காத. இதுலதான் சரியா வந்துச்சு.